பேச்சுக்கு ஒரு லைசென்ஸ்

“கடைசியா ஒண்ணு, மிஸ்டர் ஹாஸ்கெட். உங்க லைசென்ஸ் நம்பர் என்ன?”

வங்கி சார்பில் பேசிய ரோஸ்லின் சாதாரணமாகத்தான் கேட்டாள். வெர்லின் ஹாஸ்கெட் போனை வாயிலிருந்து தள்ளிப் பிடித்தான். “ஹலோ? ஹலோ? ஒண்ணுமே கேக்கலையே!” என்று கத்திவிட்டுப் போனை வைத்தான்.

அமெரிக்காவில் ஃபீனிக்ஸ் நகரத்தில் வீட்டு விலையெல்லாம் தலைகுப்புற விழுந்திருந்த காலம். வீட்டை விற்றாலும் கடன் அடையாது. வந்த விலையை வாங்கிக்கொண்டு மீதியைத் தலைமுழுகச் சொல்லி வங்கியைச் சம்மதிக்க வைக்க வேண்டும். அதற்கு ஷார்ட் சேல் என்று பெயர். வீட்டுக்காரருக்கும் வங்கிக்கும் நடுவில் நின்று பேசுவதுதான் வெர்லினின் பிழைப்பு. முன்பு பழைய கார் விற்றவன். காத்திருக்கச் சொல்லி வங்கி போடும் பாட்டை முழுசாகக் கேட்டுவிட்டு, ஆள் வந்ததும் சிரித்துப் பேச அவனால் முடியும். அதற்கு லைசென்ஸ் வேண்டுமா என்று அவனும் யோசித்ததில்லை, யாரும் கேட்டதுமில்லை.

இப்போது அவன் கையில் இருந்தது பள்ளிப் பேருந்து ஓட்டும் லொரெட்டா பிங்க்னியின் வீடு. வாங்க ஆள் தயார். வங்கி தலையாட்டாவிட்டால் செவ்வாய்க்கிழமை ஏலம்.

எதற்கும் கேட்டுவிடுவோம் என்று மாநில அரசு அலுவலகத்துக்குப் போன் போட்டான்.

“மத்தவங்களுக்காக பேங்க்ல பேசறதுக்கு லைசென்ஸ் வேணுங்களா? சும்மா தெரிஞ்சுக்கலாம்னு.”

“என்ன பேசுவீங்க?” என்றார் அங்கிருந்த குமாஸ்தா. “விலையப் பத்தின்னா வீட்டு புரோக்கர் லைசென்ஸ். கடனப் பத்தின்னா அதுக்கு வேற லைசென்ஸ், பக்கத்து ஆபீஸ். சட்டம் பேசினா வக்கீலா இருக்கணும்.”

“நான் பெரும்பாலும் அந்த பேங்க் அம்மாவோட நாயைப் பத்தித்தாங்க பேசுவேன்.”

“நாய்க்கும் லைசென்ஸ் எடுக்கணும். அது மூணாவது ஆபீஸ். உங்க பேரு?”

வெர்லின் அவசரத்தில் வாயில் வந்த பெயரைச் சொன்னான். “கார்த் ஓவ்சன்.”

கார்த் ஓவ்சன் என்பவர் லொரெட்டாவின் வீட்டை விற்றுத்தரும் ஏஜெண்ட். தன் லைசென்ஸைக் கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டி, அதற்கு மேலே தனி விளக்கும் வைத்திருப்பவர். பெயரைச் சொன்ன பிறகுதான் வெர்லினுக்கே உறைத்தது, பேச வேண்டிய ஆள் அவர்தானே என்று. நேராக அவர் ஆபீஸுக்குப் போனான்.

“நீங்க பேசிடுங்க கார்த். உங்ககிட்டதான் லைசென்ஸ் இருக்கே.”

“இத மொதல்லயே செஞ்சிருக்கணும்யா,” என்று கார்த் தொண்டையைக் கனைத்துக்கொண்டு ரோஸ்லினை அழைத்தார். இருபது வருடமாக வீடு விற்ற பழக்கம் அவரை விடவில்லை. “மேடம், அந்தத் தெருவுலயே இந்த வீடுதான் தங்கம்! புதுக் கூரை. எலுமிச்சை மரம் காய்ச்சுத் தொங்குது. இந்த விலைக்குக் கெடைக்கவே கெடைக்காது!”

“அப்படியா?” என்றாள் ரோஸ்லின். “அப்பறம் எதுக்கு நாங்க கொறைச்சு வாங்கணும்? மறுபடி மதிப்புப் போடச் சொல்லட்டுமா?”

கார்த் போனை வெர்லின் பக்கம் நீட்டினார். வெர்லின் கையைப் பின்னால் கட்டிக்கொண்டான்.

தன் வீட்டுக்காகத் தானே பேச யாருக்கும் லைசென்ஸ் தேவையில்லை என்பது அன்று மாலைதான் வெர்லினுக்குத் தோன்றியது. லொரெட்டாவின் சமையலறையில் போய் உட்கார்ந்து அவளுக்குப் பாடம் எடுத்தான்.

“கோபப்படக்கூடாது. நாய் சௌக்கியமான்னு கேளுங்க. போதும்.”

“எனக்கென்னப்பா கோபம்?” என்றாள் லொரெட்டா.

வங்கியின் பாட்டு ஓடியது. முடிந்தது. மறுபடி முதலிலிருந்து ஓடியது. ரோஸ்லின் “ஹலோ” என்றதுதான் தாமதம்.

“ஏம்மா, ஒரு மனுஷியை இவ்வளவு நேரமா காக்க வைப்ப? என் பஸ்ஸுல இப்படி யாராவது பண்ணினா நடுரோட்ல எறக்கிவிட்டுருவேன்!”

“மேடம், கத்தாதீங்க.”

“நான் எங்க கத்தறேன்? கடைசி சீட்டு வரைக்கும் கேக்கணும்னு பேசிப் பழக்கம்!”

இந்த முறை போனை வைத்தது ரோஸ்லின்.

கதவைத் தள்ளிக்கொண்டு கார்த் உள்ளே வந்தார். முகம் தக்காளியாகச் சிவந்திருந்தது. “யோவ் வெர்லின்! கவர்மெண்டுலருந்து போன். எனக்கு லைசென்ஸ் வேணுமான்னு நானே கேட்டேனாம்! ‘இருக்கறது மறந்துடுச்சா சார்’னு சிரிக்கிறான்யா!”

லொரெட்டா மூலையில் அடுக்கியிருந்த அட்டைப்பெட்டிகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் குரல் முதன்முறையாகத் தணிந்தது.

“வீடு போகட்டும் வெர்லின். ஏலத்துல போச்சுன்னு கடன் பதிவுல என் பேருக்கு எதிரா ஏறிட்டா, வாடகைக்குக்கூட எவனும் கதவத் திறக்க மாட்டான்.”

வெர்லின் எழுந்து போனை எடுத்தான். பாட்டை முழுசாகக் கேட்டான். எல்லோருக்கும் கேட்கும்படி ஸ்பீக்கரைப் போட்டான்.

“ரோஸ்லின், நான் வெர்லின். அன்னிக்கு லைன் கட்டாகல. நான்தான் வச்சேன். எங்கிட்ட எந்த லைசென்ஸும் இல்ல. தப்பு என்னோடது. அதுக்காக அந்தம்மாவ ஏலத்துல விட்டுராதீங்க.”

மறுமுனையில் காகிதம் புரளும் சத்தம் கேட்டது.

“ஏலத்தை நிறுத்தியாச்சு,” என்றாள் ரோஸ்லின் கடைசியில். “விலைக்கு ஒத்துக்கிட்டு பேங்க் போட்ட கையெழுத்து இன்னிக்குச் சாயங்காலம்தான் வந்துச்சு. அதச் சொல்றதுக்குள்ளதான் அந்தம்மா என்னை பஸ்ஸ விட்டு எறக்கிட்டாங்க.”

லொரெட்டா நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தாள். கார்த் தொப்பியைக் கழற்றினார்.

“அப்பறம் எதுக்குங்க என் லைசென்ஸ் நம்பரக் கேட்டீங்க?” என்றான் வெர்லின்.

ரோஸ்லின் குரலைத் தாழ்த்தினாள். “நானும் பேங்க் ஆளு இல்லங்க, எங்க கம்பெனி பேங்குக்காகக் கூலிக்குப் பேசுது, கவர்மெண்டுல எங்ககிட்டயும் லைசென்ஸ் கேக்கறாங்க, நீங்க எங்க வாங்கினீங்கன்னு தெரிஞ்சா நானும் போய் வாங்கிக்கலாம்னுதான் கேட்டேன்.”