இயந்திரத்துக்கு நான் வைத்த பொட்டு

வாயை மூடிக்கொண்டு வேடிக்கை பார்க்கச் சம்பளம் வாங்குகிறவள் நான். அதிலேயே ஒருமுறை கோட்டை விட்டேன்.

இயந்திரங்களுக்குள் இருக்கும் மென்பொருளைச் சோதிப்பது என் வேலை. அதைத் தொடக்கூடாது, கட்டளை கொடுக்கக்கூடாது. உள்ளே போகிற, வெளியே வருகிற செய்திகளை ஒட்டுக்கேட்க வேண்டும், அவ்வளவுதான். (ஒட்டுக்கேட்கவா இத்தனை படிப்பு என்று அண்ணி இன்றும் கேட்கிறாள்.) எது சரி, எது பிழை என்பதை அதற்கென்றே உள்ள ஒரு மொழியில் விதிகளாக எழுதிவிடுவோம். விதி மீறப்பட்டால் திரையில் சிவப்பு வரி விழும்.

இலங்கை மலையகத்தில் நமுனுகுலப் பக்கம், அம்மா கொழுந்து பறிக்கும் தேயிலைத் தோட்டத்துக்கே ஒரு புது இயந்திரம் வந்தது. கொழுந்தை எடைபோட்டு உள்ளே அனுப்புவது. 'இலை வந்தது என்று இயந்திரத்தின் மின்கண் சொன்னால், சற்று நேரத்தில் தராசில் எடை ஏற வேண்டும்' என்று விதி எழுதினேன். நான் சரி என்றால்தான் இயந்திரத்தை ஏற்பார்கள். எனக்குத் தனியாகக் கிடைத்த முதல் வேலை, சொதப்பினால் அடுத்தது கிடையாது.

நான் சோதிக்கப் போன அன்று ஆயுத பூசை. காலையிலேயே என் கருவியை ஒட்டுக்கேட்க விட்டுவிட்டேன். தொழிலாளர் குடியிருப்பான நம்ம லயத்துப் பிள்ளை எஞ்சினியராக வந்திருக்கிறது என்று, தொழிற்சாலைக்குப் பொறுப்பான டீமேக்கர் ஐயா சந்தனக் கிண்ணத்தை என்னிடமே நீட்டினார். முன்வரிசையில் அம்மா, பட்டுச்சேலையில். எனக்குத் தலைகால் புரியவில்லை. இயந்திரத்தின் நெற்றி மாதிரி பளபளவென்றிருந்த இடத்தில் பெரிதாகச் சந்தனம் அப்பி, நடுவில் குங்குமமும் வைத்தேன்.

பூசை முடிந்து வந்து பார்த்தால் திரை முழுக்கச் சிவப்பு. இலை வருகிறது, வந்துகொண்டே இருக்கிறது என்கிறது இயந்திரம். தராசில் தூசிகூட இல்லை. மென்பொருளில் பெரிய கோளாறு, எழுதினவனுக்கு வேலை தெரியவில்லை, திருப்பி அனுப்புங்கள் என்று எல்லார் முன்னாலும் பிரசங்கமே செய்தேன். (கொழுப்பு, வேறென்ன.)

எப்போதிருந்து இப்படி என்று ஐயா கேட்டார். பதிவை மேலே தள்ளிப் பார்த்தேன். முதல் சிவப்பு வரி, பூசாரி மணியடித்த நேரத்தில் விழுந்திருந்தது. அப்போது மின்சாரம் மட்டும்தான் போட்டிருந்தது, இயந்திரம் ஓடவே இல்லை, அதைத் தொட்ட ஒரே ஆள் நான். ஓடிப்போய்ப் பார்த்தேன். நெற்றி என்று நான் நினைத்ததுதான் இலையைப் பார்க்கும் கண். (செய்திகளை மட்டுமே படித்தவளுக்கு முகம் எங்கே தெரிந்தது!)

துடைத்துவிட்டுச் சும்மா இருந்துவிடலாமா என்று தோன்றியது. ஆனால் என் விதியே என்னைக் காட்டிக்கொடுத்துவிட்டதே. மென்று விழுங்கிச் சொன்னேன். ஐயா உட்பட அத்தனை பேரும் சிரித்தார்கள், அம்மாவைத் தவிர.

"எம்மக எழுதுன சட்டம் எம்மகளையே விடலீங்க ஐயா. அப்ப சரியாத்தானே எழுதியிருக்கு?" என்றாள்.

ஐயா சிரிப்பை நிறுத்தித் தலையாட்டினார். இயந்திரத்தின் கண்ணைத் துடைத்துக் கொழுந்தைக் கொட்டி ஓட்டினோம். ஒரு சிவப்புகூட விழவில்லை. இயந்திரத்தை ஏற்றுக்கொண்டார்கள், எனக்கும் அடுத்த வேலை வந்தது. அந்த விதியை நினைத்தால் இன்றும் எனக்குப் பெருமைதான்.

ஆனால் வீட்டில் விடுவார்களா? என் கல்யாணத்தில் மாப்பிள்ளை குங்குமத்தோடு கையைக் கொண்டுவந்தபோது, அண்ணி மணவறையிலேயே சொன்னாள்.

"பாத்து நெத்தியில வைங்க தம்பி. கண்ண மறச்சீங்கன்னா, இவ ஒங்களத்தான் திருப்பி அனுப்பச் சொல்லுவா."