அர்ப்பணிக்கப்பட்ட சர்வர்கள்

ஆவூர் பிளெஸ்ஸி கம்ப்யூட்டருக்குள் மஞ்சுவிரட்டு நடத்த முடிவு செய்ததில் குற்றம் ஏதுமில்லை. அங்கே மாடு முட்டினால் தையல் போட வேண்டியதில்லை. வெளிநாட்டில் கிடக்கும் பிள்ளைகளும் பொங்கலன்று செல்போன் வழியே உள்ளே வந்து மாடு அவிழ்க்கலாம், திமிலைப் பிடித்து அணையலாம்.

ஊரே கூடிச் செய்த விளையாட்டு அது. மாடுகளுக்கு ஒரு தெரு நிறம் சொன்னது, இன்னொரு தெரு கொம்பு சொன்னது. அதில் செவலைக் காளை மட்டும் அவள் அண்ணன் அருள்தாஸ் ஊரில் வளர்த்த காளையைப் பார்த்துச் செய்தது. குவைத்துக்குப் போனதிலிருந்து அவன் ஒரு பொங்கலுக்கும் வந்ததில்லை. "பாப்பா, செவலையை நாந்தான் அவுத்து விடுவேன்" என்று சொல்லி வைத்திருந்தான். பிளெஸ்ஸிக்கு மற்றதெல்லாம் அதற்கப்புறம்தான்.

விளையாட்டுக்கென்றே இரண்டு டெடிகேட்டட் சர்வர் பெட்டிகளை வாங்கி வீட்டில் வைத்தாள். ஒன்றில் நூறு பேர் நுழையலாம். "மஞ்சுவிரட்டுன்னா பர்மிஷன் வாங்கணும்ல?" என்றார் விழாக் கமிட்டித் தலைவர் அழகுமலை. அங்கேதான் சனி பிடித்தது.

அனுமதி கொடுக்கும் அரசு அலுவலகத்தில் கண்காணிப்பாளர் திருப்பதி கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார்.

"மாட்டுக்கு டாக்டர் சர்டிபிகேட் எங்கம்மா?"

"அது வெறும் படம் சார்."

"படத்துக்கு ஒடம்புக்கு வராதா? கம்ப்யூட்டர்ல வைரஸ் வருதுங்கிறாங்க?"

கால்நடை மருத்துவர் வந்தார். திரையை உற்றுப் பார்த்து, மாடுகள் நலம் என்று கையெழுத்திட்டார். சர்வர்களைச் சுற்றிச் சவுக்குக் கட்டையில் இரட்டைத் தடுப்பு எழும்பியது. கீழே விழுந்தால் அடிபடக்கூடாது என்று தேங்காய் நாரும் கொட்டப்பட்டது. வீட்டில் நடக்க வழியில்லை.

"டெடிகேட்டட்னு போட்டிருக்கே, அப்படின்னா அர்ப்பணிப்பு. யாருக்கு அர்ப்பணிச்சிருக்கீங்க?" என்றார் திருப்பதி.

"விளையாட்டுக்கு சார்."

"விளையாட்டுத்தனமாப் பேசாதீங்கம்மா. அர்ப்பணிக்காத சர்வருக்கு அனுமதி குடுக்க விதியில்லை."

ஆகவே முதல் சர்வர் அந்த அலுவலகத்துக்கே அர்ப்பணிக்கப்பட்டது. அர்ப்பணித்த பிறகு அதில் அவர்கள்தானே உட்கார வேண்டும்? நூறு இடமும் அதிகாரிகளுக்கும் அவர்கள் குடும்பத்தாருக்கும் போயிற்று.

"அவுங்களுக்கு ஒண்ணுன்னா, நமக்கு ஒண்ணு இல்லையா?" என்று கமிட்டி கொதித்தது. இரண்டாவது சர்வர் ஊர்ப் பெரியவர்களுக்கு. நிறம் சொன்ன தெருவுக்கும் கொம்பு சொன்ன தெருவுக்கும் சண்டை நடந்து சமமாகப் பங்கு போட்டார்கள். பிளெஸ்ஸியும் சும்மா இல்லை. தன் தெருவுக்கு வந்த பங்கில் நாத்தனார் வீட்டுக்கு, பெரியம்மா வீட்டுக்கு என்று கேட்டவர்களுக்கெல்லாம் கொடுத்தாள். அண்ணன் நம்ம ஆள்தானே, எப்படியும் நுழைந்துகொள்வான் என்று நினைத்தாள்.

பொங்கலன்று விளையாட்டு திறந்தது. நுழைந்த அத்தனை பேரும் நேராகப் பார்வையாளர் மேடையில் ஏறினார்கள். யார் முதல் வரிசை என்பதில் கொஞ்சம் தள்ளுமுள்ளு. திடலில் இறங்க ஒருவரில்லை. மாடுகள் வாடிவாசலுக்குள் முட்டிக்கொண்டு நின்றன, செவலையும்தான்.

"அசம்பாவிதம் ஏதுமின்றி, ஒருவருக்கும் காயமின்றி விழா இனிதே நடந்தேறியது" என்று திருப்பதி மேலிடத்துக்கு அறிக்கை அனுப்பினார். அழகுமலைக்குக் கம்ப்யூட்டருக்குள் பொன்னாடை விழுந்தது. அதைப் படமெடுத்து ஸ்டேட்டஸில் வைத்தார்.

பிளெஸ்ஸிக்கு அழுகைதான் வந்தது. அந்த நேரம் பார்த்து போனில் அண்ணன் குரல் வந்தது.

"எடமில்லைன்னு வருது பாப்பா. வெளியிலயே நிக்கிறேன். ஆனா சும்மா சொல்லக்கூடாது, அச்சு அசலா நம்மூரு மாதிரியே செஞ்சிருக்க!"