இங்கே என்றால் எங்கே, மாமா?

பெருமதிப்பிற்குரிய மாமா அவர்களின் சமூகத்துக்கு, சனிக்கிழமை உங்களைப் பேருந்து நிலையத்தில் ஒன்றரை மணி நேரம் நிறுத்திவைத்த மருமகன் தலைகுனிந்து எழுதிக்கொண்டது. இங்கே நானும் உங்கள் மகளும் நலம். அங்கே உங்கள் முழங்கால் வலியும் என் மீதுள்ள கோபமும் குறைந்திருக்கும் என்று நம்புகிறேன்.

நான் கூப்பிட்டால் நீங்கள் போனை எடுப்பதில்லை. தபால் ஆபீசில் முப்பத்தாறு வருடம் தபால் பிரித்த கை, வந்த உறையைப் பிரிக்காமல் விடாது என்ற தைரியத்தில் எழுதுகிறேன். உங்கள் மகளோ, "அப்பாவை வரவழைக்கிற வரைக்கும் எங்கிட்ட பேசாதீங்க" என்கிறாள். அதைச் சொல்வதற்காகவே தினமும் நாலு தடவை பேசுகிறாள். அடுத்த வாரம் பிரசவம் என்கிறார் டாக்டர். அம்மா இல்லாத பெண். நீங்களும் பக்கத்தில் இல்லாவிட்டால் பயந்துவிடுவாள். எனக்கும் பயம்தான், என்னை யார் கேட்கிறார்கள்.

நடந்தது இதுதான். ஆறு ஊர்களில் இருக்கும் இரத்தப் பரிசோதனைக் கூடங்களின் கணினிகளை எங்கள் ஆபீஸ் பராமரிக்கிறது. என் மேசையில் இருந்தபடியே ஆறுக்கும் உத்தரவு அனுப்பி வேலை வாங்க ஒரு நிரல் எழுதியிருந்தேன், பைத்தான் என்ற கணினி மொழியில். பாம்பு இல்லை மாமா, கடிக்காது. உயிரை மட்டும் வாங்கும். "திங்கள் மதியத்துக்குள்ள ஆறும் ஓடணும், இல்லைன்னா பிரசவ லீவை மறந்துடுங்க" என்று மேனேஜர் சொல்லிவிட்டார். நிரலை ஓட்டினால், பைத்தானுக்குத் தேவையான ஒரு துணைத் தொகுப்பு 'இங்கே இல்லை' என்று பிழைச்செய்தி வருகிறது. இல்லாவிட்டால் என்ன, போட்டுவிடலாம் என்று என் கணினியில் நிறுவினேன். இங்கே இல்லை என்றது. கழற்றிவிட்டு மறுபடி நிறுவினேன். இங்கே இல்லை. கண்ணெதிரே இருப்பதை இல்லை என்று சாதிக்கிறதே என்று மூன்று நாள் அதனோடு மல்லுக்கு நின்றேன், பக்கத்து மேசைக்காரர் தன் நாற்காலியை வேறு பக்கம் நகர்த்திக்கொண்டார்.

நான்காம் நாள்தான் நீங்கள் வந்தீர்கள். "மாப்பிள்ளை, இறங்கிட்டேன். இங்கே செருப்புக் கடை பக்கத்துல நிக்கிறேன்" என்றீர்கள். ஓடி வந்தேன். செருப்புக் கடை இருந்தது, நீங்கள் இல்லை. போன் செய்து, "இங்கே இல்லையே மாமா" என்றேன். "இங்கேதான் நிக்கிறேன்" என்றீர்கள். "நானும் இங்கேதானே நிக்கிறேன்!" என்றேன். இப்படி ஏழெட்டு இங்கே ஆன பிறகு உங்கள் குரல் ஏறிவிட்டது.

"இங்கேன்னு நான் சொன்னா அது நான் நிக்கிற இடம்! உங்க காலடியில தேடினா எப்படிக் கிடைப்பேன்? இந்த பஸ் ஸ்டாண்டுக்கு ரெண்டு வாசல், ரெண்டு பக்கமும் செருப்புக் கடை. எந்த வாசல்னு முதல்ல பாருங்க!"

எனக்குப் பொறி தட்டியது. என் நிரல் வெளியூர்க் கணினிக்குப் போய், அங்கே உட்கார்ந்துகொண்டு 'இங்கே இல்லை' என்று சொல்லி அனுப்பியிருக்கிறது. நானோ என் மேசையில் தேடிக்கொண்டிருந்திருக்கிறேன். "கிடைச்சிருச்சு மாமா!" என்று கத்திவிட்டு ஆபீசுக்கு ஓடினேன். கிடைத்தது பிழை. உங்களைத்தான் கண்டுபிடித்துவிட்டேன் என்று நினைத்து, வருகிற போகிற ஸ்கூட்டருக்கெல்லாம் நீங்கள் கையசைத்ததாக உங்கள் மகள் சொன்னபோது எனக்கு நிஜமாகவே அழுகை வந்தது.

ஆறு ஊர்க் கணினிகளிலும் தொகுப்பை நிறுவினேன். ஐந்து ஓடின. ஆறாவது முரண்டு பிடித்தது. அப்போது உங்கள் இரண்டு வாசல் ஞாபகம் வந்தது. பார்த்தால் அந்தக் கணினியில் பைத்தானே இரண்டு, பழையது ஒன்று, புதியது ஒன்று! புதியதில் தொகுப்பை வைத்துவிட்டுப் பழையதன் வாசலில் நின்று கூப்பிட்டிருக்கிறேன். எந்த வாசல் என்று நிரலில் ஒரு வரி சேர்த்தேன், ஓடிவிட்டது. மேனேஜர் லீவுக்குக் கையெழுத்துப் போட்டார். அப்பாடா என்று நாற்காலியில் சாய்ந்த பிறகுதான் நீங்கள் ஞாபகத்துக்கு வந்தீர்கள். விழுந்தடித்து வந்தேன், இந்த முறை சரியான வாசலுக்கு. உங்கள் பேருந்து கிளம்பிக்கொண்டிருந்தது. ஜன்னல் வழியாக என்னைப் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டீர்கள்.

என் லீவைக் காப்பாற்றிக் கொடுத்தது நீங்கள்தான். அங்கே எது, இங்கே எது என்று இந்த ஜென்மத்துக்கும் மறக்காதபடி கற்றுக்கொண்டுவிட்டேன். இனி அந்தத் தவறு நடக்கவே நடக்காது. கோபத்தை மறந்து வந்துவிடுங்கள். பிறக்கப்போகும் குழந்தையையும் சேர்த்து எங்கள் மூவரையும் ஆசீர்வதிக்க வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் கீழ்ப்படிந்த மாப்பிள்ளை

பி.கு.: மேலே உள்ளதை ஞாயிற்றுக்கிழமை எழுதி, திங்கட்கிழமை தபாலில் சேர்த்தேன். செவ்வாய்க்கிழமையே நீங்கள் மனசு கேட்காமல் மகளைப் பார்க்க வந்துவிட்டீர்கள். இன்று தபால்காரர் நம் வீட்டு வாசலில் இந்த உறையை நீட்ட, வாங்கியதும் நீங்கள்தான். கண்ணாடியை இறக்கி உறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தீர்கள். "மாப்பிள்ளை, பேரு என் பேரு. விலாசம் உங்க வீட்டு விலாசம். தப்பு விலாசம் போட்ட தபாலை நான் பிரிக்கமாட்டேன், சரியா எழுதிக் கொடுங்க" என்று திருப்பிக் கொடுத்துவிட்டீர்கள். உங்கள் மகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறாள், என்னோடும் பேசிவிட்டாள். புது உறையில் போட்டுக் கொண்டுவருகிறேன். விலாசத்தைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள்: மாமா அவர்கள், கூடத்து நாற்காலி, இங்கே.