இரண்டு பக்கமும் பெயர் வெட்டிய கல்

பெரம்பலூருக்கும் அரியலூருக்கும் நடுவில் நீங்கள் எந்த நிழலில் ஒதுங்கியிருந்தாலும், அது அநேகமாகக் கல்வெட்டு போட்ட நிழல்தான்.

கல்வெட்டு எங்கள் கான்ட்ராக்டர். ரோடு, பாலம் வேலை. எட்டாவதோடு படிப்பை விட்ட நான் அவரிடம் மேஸ்திரி. எம்.எல்.ஏ. கைகாட்டும் இடத்தில் சொந்தச் செலவில் பஸ் நிழற்குடை கட்டித் தருவார். அடுத்த ரோடு வேலை அவருக்கே வந்துசேரும். இதற்கு அவர் வைத்த பெயர் ஊர்ச்சேவை. பஸ்ஸே வராத ஊரிலும் நிழற்குடை உண்டு, ஆடுகள் காத்திருக்கும். ஆட்சி மாறினால் அலட்டிக்கொள்ள மாட்டார். திறப்புவிழாக் கல்லைப் பெயர்த்து, பின்பக்கம் புது எம்.எல்.ஏ. பெயரை வெட்டி, திருப்பிப் பதித்துவிடுவார். கல்வெட்டு என்ற பெயர் அப்படி வந்ததுதான். பதறுவதெல்லாம் என் வேலை.

அப்போது என் மகள் குன்னம் பக்கம் ஒரு பள்ளியில் ஏழாவது படித்தாள். அங்கே பெண்பிள்ளைகளுக்குக் கக்கூஸ் கிடையாது. பயத்தில் பகலெல்லாம் தண்ணீரே குடிக்கமாட்டாள். பாட்டில் போனபடியே திரும்பி வரும். பெரிய பிள்ளைகள் சிலர் படிப்பையே நிறுத்திவிட்டார்கள். இவளும் என்னைப் போல ஆகிவிடுவாளோ என்று எனக்குச் சோறு இறங்கவில்லை. தயங்கித் தயங்கிக் கல்வெட்டிடம் சொன்னேன்.

"கட்டலாம்யா. யாரு வந்து திறப்பா? கக்கூஸ் செவுத்துல தன் பேரு போட எந்த எம்.எல்.ஏ. ஒத்துக்குவாரு? அவர விட்டுட்டு நானா செஞ்சா, தனியா பேரு வாங்கப் பாக்குறான்னு அடுத்த டெண்டர் போயிடும்."

மறுநாள் அவரே கூப்பிட்டார்.

"பள்ளிக்கூட வாசல்ல ஒரு நிழற்குடை போடு. அதே செவுத்துக்கு அந்தாண்ட ரெண்டு ரூம்பு. கதவு பள்ளிக்கூடத்துப் பக்கம் பாக்கட்டும்."

"கேட்டா என்ன சார் சொல்றது?"

"நீ வாயத் தொறக்காத. உன் மூஞ்சியே காட்டிக் கொடுத்துடும்."

திறப்புவிழா அன்று எம்.எல்.ஏ. ரிப்பனை வெட்டிவிட்டுப் பின்பக்கம் எட்டிப் பார்த்தார். நான் கான்ட்ராக்டரின் முதுகுக்குப் பின்னால் முகத்தை மறைத்துக்கொண்டேன்.

"என்னய்யா இது, பின்னால ரூமெல்லாம்?"

"செவுத்துக்கு முட்டு குடுத்திருக்கேண்ணே. இது கரிசல் மண்ணு, வெயிலுக்கு வெடிக்கும். பின்னால கனம் இல்லாட்டி உங்க பேரு சாஞ்சுடும்."

எம்.எல்.ஏ. முகம் இறுகியது. "அப்ப ரெண்டு பத்தாதுய்யா. இன்னும் ரெண்டு போடு!"

நான்கு அறைகள் ஆயின. பிறகு ஆட்சி மாறியது, கல்லும் திரும்பியது. அறைகள் அப்படியே இருந்தன.

அந்தக் கல்லின் எந்தப் பக்கத்திலும் எங்கள் கான்ட்ராக்டர் பெயர் கிடையாது. மகள் காலி பாட்டிலோடு வீட்டுக்கு வந்த நாளிலெல்லாம், அவருடைய உண்மைப் பெயரை நான் ஒருமுறை எனக்குள் சொல்லிக்கொள்வேன்.