சும்மா கிடைத்த ராணி

ஆளைப் பார்த்தே தோற்கிறவர்கள் என்று ஓர் இனம் உண்டு. சதுரங்கப் போட்டி நடக்கும் எந்தக் கூடத்திலும் எட்டிப் பாருங்கள். சுவரில் ஒட்டிய பட்டியலில் தனக்கு எதிரே யார் பெயர் என்று பார்த்து, அங்கேயே வியர்த்து, தண்ணீர் குடித்து, கழிவறைக்குப் போய், திரும்பி வந்து அதே பெயரை மறுபடியும் பார்ப்பார் ஒருவர். அவர்தான். ஆட்டம் இன்னும் தொடங்கவில்லை; அவர் தோற்றாயிற்று.

எங்கள் மருந்துக்கடைக்காரர் இந்த இனத்தில் முதல் வரிசை. கடையில் அவரை ஏமாற்ற முடியுமா? காலாவதியான மாத்திரையை அட்டையைத் திருப்பாமலே கண்டுபிடிப்பார். பலகை முன்னால் உட்கார்ந்தால்தான் அந்த மூளை எங்கோ போய்விடும். இந்தத் தடவை வீட்டில் எச்சரிக்கை வேறு.

"ஒருத்தரையாவது ஜெயிச்சுட்டு வாங்க. இல்லேன்னா அந்தப் பலகை பரண்ல ஏறிடும், சொல்லிட்டேன்" என்றார் மனைவி.

எதிரே வந்து உட்கார்ந்தவர் சாம்பியன். உட்கார்ந்ததும் ஒரு கொட்டாவி விட்டார். நம்மவருக்கு அதுவே ஒரு வியூகமாகத் தெரிந்தது.

நடு ஆட்டத்தில் சாம்பியன் ராணியை நகர்த்தினார். நேராக நம்மவர் குதிரையின் வாய்க்குள்! காவலுக்கு ஒரு காய் கிடையாது. வெட்டினால் ஆட்டம் கையில். வெட்டினாரா? 'இவ்ளோ பெரிய ஆளு சும்மா குடுப்பாரா?' என்று நெற்றியைத் தேய்த்து, கண்ணாடியைத் துடைத்து, பலகையின் அறுபத்தைந்து கட்டங்களிலும் சூழ்ச்சியைத் தேடி, எங்குமே காணாததால் இது மகா பெரிய சூழ்ச்சிதான் என்று முடிவுகட்டி, ஓரத்துச் சிப்பாயை மரியாதையாக ஒரு கட்டம் தள்ளினார். ராணி தப்பியது. அப்புறம் என்ன, வழக்கம்போல் தோல்வி.

கை குலுக்கும்போது சாம்பியனே கேட்டார். "ஏன் சார் ராணியை வெட்டலை? நான் பார்க்காம வெச்சுட்டேன். வெச்சதும் எனக்கு உயிரே போயிடுச்சு."

"சும்மா சொல்லாதீங்க சார். உள்ள ஏதோ வெச்சிருந்தீங்க, எனக்குத் தெரியாதா?"

அந்த ஒரு வெற்றிக்காக மனிதர் எத்தனை ஞாயிற்றுக்கிழமைகளைக் கொடுத்திருக்கிறார் என்று நினைத்தால் பாவமாகத்தான் இருக்கிறது. வீட்டுக்குப் போய், "சாம்பியன் வெச்ச பொறியில நான் விழலையே!" என்று மார்தட்டினார்.

"அப்போ ஜெயிச்சீங்களா?" என்றார் மனைவி.

பலகை பரணில் ஏறியது.

சிரிக்கிறீர்கள். நன்றாகச் சிரியுங்கள். ஆனால், சதுரங்கப் பலகையில் அறுபத்துநான்கு கட்டங்கள்தான் என்று உங்களுக்குத் தெரியுமல்லவா? நான் மேலே ஒன்று கூட்டி எழுதியபோது, 'அச்சில் வந்திருக்கிறது, எழுதினவருக்குத் தெரியாதா' என்று பேசாமல் கடந்து வந்தீர்களே, உங்கள் வீட்டுப் பரணில் இடம் இருக்கிறதா?