முதுகில் மண் ஒட்டிய ஏழு வெற்றிகள்

இரண்டு பேர் கட்டிப் புரண்டால், முதுகில் மண் ஒட்டியவன் தோற்றவன். இதில் ஆராய்ச்சி செய்ய ஒன்றுமில்லை. உத்திரமேரூர் வட்டாரத்தில் பள்ளிக்கூடத்துப் பையன்கள் சண்டையிலிருந்து அண்ணன் தம்பி வரப்புத் தகராறு வரைக்கும் இதுதான் சட்டம். இந்தச் சட்டத்தைக் காப்பாற்றுவதற்கென்றே எங்கள் ஊரில் ஓர் அரசு அலுவலகம் இருந்தது என்றால் வெளியூர்க்காரர்கள் நம்பமாட்டார்கள்.

அதன் பெயர் 'கிராமப்புறத் தற்காப்புக் கலைகள் ஒழுங்குமுறை மற்றும் ஊக்குவிப்புத் துணை அலுவலகம்'. பெயர்ப்பலகை கட்டடத்தைவிட ஓரடி நீளம். ஒழுங்குமுறைக்குத் தாண்டவராயன் என்று ஓர் அலுவலர் இருந்தார். ஊக்குவிப்புக்கு ஆள் போடவில்லை. எழுத்தர் ஆதிலட்சுமி அம்மாள். வாசலில் புங்கமரத்தடியில் ஸ்டூல் போட்டு மனு எழுதிக் கொடுப்பவன் நான்.

2007ஆம் வருஷம் ஆடி மாதம், ஒரு திங்கட்கிழமை, சாம்சன் வந்தான். கூட அவன் தங்கை ஏஞ்சல். திருப்புலிவனத்துக்கு வெளியே காலனியில் வீடு. அப்பா அம்மா நடவுக்கும் கரும்பு வெட்டவும் போகிறவர்கள். ஏஞ்சல் பஸ் ஸ்டாண்டு ஜெராக்ஸ் கடையில் வேலை செய்தாள், ஆகையால் அரசாங்கம் என்றால் என்னவென்று அவளுக்குத் தெரியும். சாம்சனுக்குச் சண்டை மட்டும்தான் தெரியும்.

அவன் சண்டை கற்ற கதையே தனி. சென்னையில் ஒரு ஜிம்முக்குப் பெயின்ட் அடிக்கப் போனான். அங்கே பிரேசில்காரர் ஒருவர் ஜியு-ஜித்சு என்ற பிடிச்சண்டையைக் கற்றுக்கொடுத்துக்கொண்டிருந்தார். கற்றுக்கொள்ள வந்தவர்கள் எல்லாம் வசதியான வீட்டுப் பிள்ளைகள். மேலே ஏறி உட்கார எல்லோரும் தயார், கீழே படுக்கத்தான் ஆளில்லை. பெயின்ட் அடித்துக்கொண்டிருந்தவனைக் கூப்பிட்டுப் படுக்கவைத்தார்கள். ஒவ்வொருவனும் தொண்ணூறு கிலோ. இப்படி மூன்று வருஷம். "படுத்துக்கினே சாவாம இருக்கறது எப்படின்னு கத்துக்கினேண்ணா. அதான் வித்தை" என்பான் சாம்சன்.

வித்தை அதேதான். கீழே மல்லாந்து படுத்தபடி, மேலே இருப்பவனுடைய கழுத்தையோ கையையோ கால்களுக்கு நடுவில் மாட்டி இறுக்குவது. தாங்க முடியாதவன் கையால் இரண்டு தட்டுத் தட்டுவான். தட்டினால் தோற்றான். இந்த வித்தையோடு சாம்சன் பம்பாய், பெங்களூர் என்று போய், குத்து, உதை, பிடி எல்லாம் கலந்த கூண்டுச் சண்டையில் எட்டு முறை இறங்கினான். ஏழு முறை ஜெயித்தான், ஏழும் படுத்தபடியே. எட்டாவது சண்டையில் மட்டும் ஆசைப்பட்டு எதிராளிமேல் ஏறி உட்கார்ந்தான். கீழே கிடந்தவன் இவன் கையை முறுக்கிவிட்டான். அது ஒன்றுதான் தோல்வி.

இப்போது சிங்கப்பூரில் ஒரு சண்டைக் கம்பெனி மூன்று வருஷ ஒப்பந்தத்துக்குக் கூப்பிட்டிருந்தது. வெள்ளிக்கிழமைக்குள் அவனுடைய வெற்றி தோல்வி விவரம் அரசு முத்திரையோடு போய்ச் சேரவேண்டும்.

"இருபத்தொம்பது வயசு ஆயிட்ச்சுண்ணா. இத்த வுட்டா இன்னொருவாட்டி கூப்ட மாட்டான். அப்பறம் நானும் கரும்பு வெட்டத்தான் போவணும்" என்றான் சாம்சன்.

'மேன்மை பொருந்திய சமூகம் அவர்களுக்கு' என்று தொடங்கி இரண்டு பக்கம் எழுதிக் கொடுத்தேன்.

தாண்டவராயன் மனுவைப் படித்தார். ஏஞ்சல் கொண்டுவந்த சிடியை ஆபீஸ் கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்தார். முதல் சண்டை முடிந்ததும் கண்ணாடியைக் கழற்றினார்.

"இதுல நீ யாருப்பா?"

"கீழ கீறவன் சார்."

"முதுகு எங்க இருக்கு?"

"தரையில சார்."

"அப்புறம் எப்படி ஜெயிச்சேன்னு மனு போட்ருக்க?"

"மேல கீறவன் தட்டிட்டான் சார், பாருங்க. தட்டினா அவன் தோத்துட்டான்னு அர்த்தம்."

"மேல இருக்கறவன் தட்டத்தாம்பா செய்வான். நான்கூடத்தான் தினம் மேஜையத் தட்டறேன். நான் தோத்துட்டேனா?"

ஏஞ்சல் குறுக்கிட்டாள். "சார், நடுவர் எங்க அண்ணன் கையத்தான தூக்கிக் காட்றாரு?"

"கீழ விழுந்தவனைக் கைகொடுத்துத் தூக்கிவிடறது மனிதாபிமானம்மா. அதுக்கெல்லாம் சர்டிபிகேட் கிடையாது. விதி 14, உட்பிரிவு ஆ. மேலே இருந்தவரே வென்றவர். கீழ இருக்கறவன் ஜெயிச்சான்னு நான் எழுதிக் கொடுத்தா, நாளைக்கு ஊர்ல எவன் எவன் என்ன கேட்பான் தெரியுமா?"

அது மட்டும் அவருக்கு நன்றாகத் தெரிந்திருந்தது.

எட்டுச் சண்டைகளையும் பொறுமையாகப் பார்த்து, புதன்கிழமை சான்றிதழ் கொடுத்தார். வெற்றி ஒன்று, தோல்வி ஏழு. எட்டாவது சண்டையைப் பாராட்டி, 'விண்ணப்பதாரர் கடைசியாகத் தன் தவறை உணர்ந்து மேலே ஏறியுள்ளார்' என்று பச்சை மையில் குறிப்பு வேறு.

"இன்னா சார் இது! ஜெயிச்சதெல்லாம் தோல்வி, தோத்தது வெற்றியா?" என்று ஏஞ்சல் கத்தினாள்.

"ஆட்சேபணை இருந்தா செயல்முறை விளக்கம் கேட்டு மனு போடு."

போட்டோம். வியாழக்கிழமை காலை ஆபீஸ் பின்பக்கம் பழைய தார்ப்பாயை விரித்தார்கள். சாம்சன் படுத்தான். மேலே யார் இருப்பது என்ற கேள்வி வந்தது. ஆதிலட்சுமி அம்மாள், நான், தாண்டவராயன், மூவரில் மேலே இருக்கத் தகுதியானவர் யார் என்பதில் தாண்டவராயனுக்குச் சந்தேகமில்லை. செருப்பைக் கழற்றிவிட்டு, பேனாவைப் பையில் பத்திரப்படுத்திக்கொண்டு, சாம்சன்மேல் அமர்ந்தார்.

"மூச்சு முட்ச்சின்னா ரெண்டு தட்டு தட்டுங்க சார், வுட்டுர்றேன்" என்றான் சாம்சன்.

"விண்ணப்பதாரரிடம் அலுவலர் தட்டுவதற்கு விதியில் இடமில்லை. ஆரம்பி."

சாம்சன் மெதுவாகத்தான் காலைப் பின்னினான். தாண்டவராயனின் முகம் முதலில் சிவந்தது, பிறகு கத்தரிக்காய் நிறத்துக்குப் போனது. தட்டவில்லை. முப்பது வருஷ சர்வீசில் எந்த மனுதாரரிடமும் எதையும் ஒத்துக்கொள்ளாத கை அது, எப்படித் தட்டும்?

"ஐயோ, சாருக்குக் கண்ணு சொருகிட்ச்சு! வுடுண்ணா!" என்று ஏஞ்சல் அலறினாள்.

சாம்சன் உடனே விட்டான். தாண்டவராயன் அவன் மார்பிலேயே குப்புற விழுந்தார். சாம்சன்தான் அவரைப் புரட்டி, காலைத் தூக்கிப் பிடித்து, தண்ணீர் தெளித்தான். எழுந்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி:

"ஆதிலட்சுமி, கடைசிவரைக்கும் யார் மேல இருந்தது?"

"நீங்கதான் சார்."

"எழுதிக்கோ."

அந்த அம்மாள் எழுதினார்: 'அலுவலர் இறுதிவரை மேலேயே இருந்தார். இடையில் விண்ணப்பதாரர்மீது சற்று நேரம் ஓய்வும் எடுத்தார். அலுவலர் வெற்றி.' சாம்சனின் கணக்கில் எட்டாவது தோல்வி ஏறியது.

வெள்ளிக்கிழமை வேறு வழியில்லாமல் ஏஞ்சல் சான்றிதழ், செயல்முறைக் குறிப்பு இரண்டையும் கடை ஃபேக்ஸில் சிங்கப்பூருக்கு அனுப்பினாள். நடந்ததையெல்லாம் விளக்கித் தனக்குத் தெரிந்த இங்கிலீஷில் நான்கு பக்கக் கடிதமும் சேர்த்தாள். சிங்கப்பூர்க் கம்பெனியிலும் ஆபீஸ் என்று ஒன்று இருக்குமல்லவா? அவர்கள் கடிதத்தைப் படிக்கவில்லை, முத்திரையைப் பார்த்தார்கள். எட்டு முறை தோற்றவர் வேண்டாம் என்றும், அவரை வென்றதோடு அவர்மீதே ஓய்வெடுத்த, இதுவரை தோல்வியே காணாத திரு. தாண்டவராயனை அனுப்பிவைக்கும்படியும் பதில் வந்தது.

ஏஞ்சல் அந்தப் பதிலை என்னிடம் காட்டிவிட்டு, ஸ்டூல் பக்கத்திலேயே உட்கார்ந்து அழுதாள். சாம்சன் அழவில்லை. "வுடு பாப்பா" என்றான். என்னால் அவர்கள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

ஊருக்கு அந்தச் சங்கடமெல்லாம் இல்லை. பஸ் ஸ்டாண்டில் முப்பதடி பேனர் எழுந்தது. 'வீழாத வேங்கை' என்று எழுதி, யாரோ ஒருவனின் உடம்பில் தாண்டவராயனின் தலையை ஒட்டியிருந்தார்கள். இருசப்பன் சலூனில் 'கூண்டு கட்டிங்' அறிமுகமானது. பையன்கள், தரையில் புரண்டு புரண்டு காது நசுங்கியவன்தான் வீரன் என்று கேள்விப்பட்டு, இரவெல்லாம் காதில் துணி உலர்த்தும் கிளிப்பை மாட்டிக்கொண்டு தூங்கினார்கள். டீக்கடையில், ரேஷன் வரிசையில், எங்கே பார்த்தாலும் ஒருவன்மேல் ஒருவன் ஏறி உட்கார்ந்திருந்தான். வழியனுப்பு விழாவில் நானும் ஒரு சால்வை போட்டேன். போடாவிட்டால் நாளைக்கு வாசலில் ஸ்டூல் போட முடியுமா?

சிங்கப்பூரில் சண்டை பதினோரு விநாடி நடந்தது. அதில் நான்கு விநாடி வணக்கம் சொன்னது.

திரும்பி வந்த தாண்டவராயன், கழுத்துப் பட்டையோடு மேலிடத்துக்கு அறிக்கை அனுப்பினார். 'உலக நடைமுறையில் கீழே இருப்பவரும் வெல்லக்கூடும் என்பதை நேரில் ஆய்ந்தறிந்தேன். அன்று நான் கீழே இருந்தேன். ஆகவே வென்றேன்.' மேலிடம் மகிழ்ந்து, விதி 14ஐத் திருத்தியது. இனிமேல் கீழே இருந்தவரே வென்றவர்.

செய்தி கேட்டு அண்ணனும் தங்கையும் ஓடிவந்தார்கள்.

"அப்ப என்னோட ஏழு சார்?" என்றான் சாம்சன். அவன் குரலில் அப்படி ஓர் ஆசையை நான் அதுவரை கேட்டதில்லை.

"இன்னிலிருந்துதாம்பா அமல். பழசுக்குச் செல்லாது. ஆனா உன்னை நான் மறக்கல. பயிற்சி மையம் திறக்கறோம். உனக்கு அதுல வேலை."

"மாஸ்டர் வேலையா சார்?"

"மாஸ்டர் ஊக்குவிப்புல வருது. அதுக்குப் போஸ்ட் இல்ல. உபகரணத்துல காலி இருக்கு. பாய், கயிறு, நீ. பயிற்சிக்கு வர்றவங்க கீழ படுப்பாங்க, நீ மேல உட்காரணும். அவ்வளவுதான்."

"மேல உட்கார்ந்தா இப்ப அது தோல்வியாச்சே சார்!" என்றாள் ஏஞ்சல். "கீழ கீறப்பவும் தோல்வி, மேல கீறப்பவும் தோல்வின்னா எங்கண்ணன் எங்கதான் இருக்கணும்? அத்த எழுதிக் குடுங்க சார்."

"மனு போடும்மா" என்றார் தாண்டவராயன்.

அந்த மனுவையும் நான்தான் எழுதினேன். பதில் இன்னும் வரவில்லை. பயிற்சி மையம் நன்றாக நடக்கிறது. சர்டிபிகேட் இருந்தால் பிள்ளைகளுக்குக் காலேஜில் சலுகை கிடைக்குமென்று பேச்சு, அதனால் விடிந்தால் நீண்ட வரிசை. வாத்தியார்கள், கடைக்காரர்கள், ஆளுக்கொரு தரம் தார்ப்பாயில் படுத்துச் சாம்சனைத் தோற்கடித்துவிட்டு வேலைக்குப் போகிறார்கள்.

ஊரோடு ஒத்துப்போக வேண்டியிருக்கிறது. எனக்கு இதுவரை நான்கு வெற்றி. போன வாரம் நான்காவதை முடித்து எழுந்தபோது, சாம்சன் என் முதுகில் ஒட்டியிருந்த மண்ணைத் தட்டிவிட்டு, வரிசையைப் பார்த்து, "அடுத்து யாருங்க?" என்றான்.