முருங்கையில் நின்ற செவ்வாய்

விரல் நீட்டி ஒன்றைக் காட்டுவதற்கு முன், அது என்னவென்று தெரிந்திருக்க வேண்டும். இதை நான் முப்பத்தொரு வயதில் கற்றேன். பன்னிரண்டு வருடமாகியும் எங்கள் குடும்பத்தில் ஒருவரும் அதை மறப்பதாயில்லை. எனக்குத்தான் அலுத்துவிட்டது.

அப்போது எனக்கு வதனியைக் கலியாணம் பேசியிருந்தார்கள். எனக்கு அவளைப் பிடித்திருந்தது, அவளுக்கும் என்னை (ஏனென்று இன்றுவரை கேட்கவில்லை, கேட்கப் பயம்). சிக்கல் என் சாதகத்தில். எட்டில் செவ்வாய். அவளுக்கு அந்தக் குற்றம் இல்லை. அவளுடைய தகப்பன் தொண்டைமானாற்றிலிருந்து சண்டிலிப்பாயில் எங்கள் வீட்டுக்கு, நேரில் மறுப்புச் சொல்லவே வந்திருந்தார்.

"தெரிஞ்சு தெரிஞ்சு பிள்ளையைக் கிணத்துக்கை தள்ளேலாது, தங்கச்சி" என்றார் அம்மாவிடம். வைத்த தேத்தண்ணியைத் தொடவும் இல்லை.

எனக்கோ அந்த நாட்களில் கிரகம் பார்க்கிற பைத்தியம். வானத்தில் எது எங்கே என்று காட்டுகிற செயலியோடு கைபேசியைத் தூக்கிக்கொண்டு முற்றத்தில் நின்று வெள்ளி, வியாழன் என்று ஒவ்வொன்றாகப் பிடிப்பேன் (மொத்தம் ஒன்பது நாள் அனுபவம்). செவ்வாயை நேரில் காட்டினால் மனுசனுக்குப் பயம் தெளியும் என்று என் புத்தி சொன்னது. முப்பது வருடம் கடலில் போன ஆளுக்கு வானம் காட்டப் போகிறாய் என்று அது சொல்லவில்லை.

தை மாதம், பொழுதுபட்ட நேரம். அவரை முற்றத்துக்குக் கூட்டிப்போனேன். தென்மேற்கே சிவப்பாக ஒன்று, மின்னாமல் நின்றது. மின்னாவிட்டால் கிரகம்தானே!

"ஐயா, அங்கை பாருங்கோ, செவ்வாய். எத்தினை கோடி மைலுக்கு அங்காலை நிக்குது! அது எங்களை என்ன செய்யப்போகுது?"

அவர் பார்த்தார். பிறகு காதைக் கொடுத்தார்.

"தம்பி, செவ்வாய் கூவுமோ?"

அப்போதுதான் அந்த 'ங்ங்ங்' எனக்கும் கேட்டது. பொங்கல் காலத்தில் எங்கள் பக்கம் பட்டத்துக்குக் கூவுகிற விண்ணும் பூட்டி, மின்குமிழும் கட்டி, இரவிரவாக ஏற்றி விடுவார்கள். பிறந்த நாள் தொட்டுப் பார்த்தது, அன்றைக்கு மறந்து போனேன். அந்த நேரம் பார்த்துக் காற்று விழுந்தது. செவ்வாய் இரண்டு ஆட்டம் ஆடி, பச்சையாக மாறி, குத்துக்கரணம் அடித்து எங்கள் முருங்கையில் வந்து சிக்கியது.

வேலிக்கு அப்பால் பக்கத்து வீட்டுக்காரர் (வங்கி உத்தியோகத்தர், இரண்டு பிள்ளைகளின் தகப்பன்) கத்தினார். "தம்பி! என்ரை பட்டம் உங்கடை வளவுக்கையோ?"

கலியாணம் போச்சு என்று நினைத்தேன். அழுகையே வந்துவிட்டது.

வதனியின் தகப்பன் முருங்கையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். சிரித்துச் சிரித்து இருமினார். உள்ளே போய் ஆறிய தேத்தண்ணியை ஒரே மடக்கில் குடித்தார்.

"எட்டிலை நிக்குதெண்டுதானே பயந்தனான். அது முருங்கையிலையெல்லோ நிக்குது! உப்பிடி ஒரு பேயனாலை என்ரை பிள்ளைக்கு என்ன கேடு வரப்போகுது? கலியாணத்துக்கு நாளைப் பாருங்கோ, தங்கச்சி."

இன்றும் எனக்குக் காய்ச்சல் என்றாலும், மோட்டார் சைக்கிள் பழுதென்றாலும் மாமாவின் அழைப்பு வரும். "மருமோன், செவ்வாய் இறங்கிட்டுதோ?"

போன மாரியில் அந்த முருங்கை அடியோடு சாய்ந்தது. அப்பாடா, கதை முடிந்தது என்று நிம்மதியாகப் படுத்தேன். மறுநாள் முதல் பஸ்ஸில் மாமா வந்து இறங்கினார். கையில் ஒரு முருங்கைத் தடி.

"கிடங்கைக் கிண்டும், மருமோன். அது நிக்க இடம் வேணுமெல்லோ."

கிண்டினேன்.